பையர் திவால், சரக்கு கடலில்: அமெரிக்க நீதிமன்றத்தில் திருப்பூர்க்காரருக்கு இடம் உண்டா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் அறுபது மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறேன். அமெரிக்காவில் பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு ஆறு வருடமாகக் குழந்தைகள் உடை தைத்து அனுப்புகிறோம். ஜனவரி 20-ம் தேதி அவர்கள் டெலவேர் கோர்ட்டில் சாப்டர் 11, அதாவது கடையை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கும் திவால் மனு, போட்டுவிட்டார்கள். எங்களுக்கு மூன்று கண்டெய்னருக்கு 1,16,550 டாலர் வர வேண்டும், ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். முதல் கண்டெய்னர் டிசம்பர் 10-ல் அவர்களுடைய நியூ ஜெர்சி கிடங்கில் இறங்கியது, 38,400 டாலர். இரண்டாவது டிசம்பர் 2-ல் தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஜனவரி 8-ல் கிடங்குக்குப் போனது, 41,250 டாலர். மூன்றாவது ஜனவரி 6-ல் கப்பல் ஏறியது, இன்னும் கடலில்தான் இருக்கிறது, 36,900 டாலர். அதன் அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற உரிமை தரும் கப்பல் பத்திரம்) எங்கள் வங்கியில் இருக்கிறது. எல்லாமே எஃப்ஓபி, கப்பலில் ஏற்றுவதோடு எங்கள் பொறுப்பு முடிந்துவிடும். கடைசியாக அக்டோபர் 28-ல் 22,000 டாலர் பணம் வந்தது. பெங்களூரில் அவர்களுக்கு ஒரு பையிங் ஆபீஸ் இருக்கிறது. இங்கே கேஸ் போட்டு அதை முடக்கலாமா? வெளிநாட்டிலிருந்து ஒருவர் போன் செய்து, டாலருக்கு 12 சென்ட் தருகிறேன், மொத்த கிளெய்மையும் (பாக்கியைக் கேட்கும் உரிமையை) எழுதிக் கொடுங்கள் என்கிறார். பையரின் ஆட்களோ ஏப்ரல் ஆர்டரை நிறுத்தாமல் அனுப்பச் சொல்கிறார்கள். அந்த ஊர் கோர்ட் அந்த ஊர்க்காரனைத்தானே பார்க்கும்? நம்மை யார் கேட்கப் போகிறார்கள்? சனிக்கிழமை ஆனால் சம்பளம் போட வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்துக்கான பதிலின் அவசரப் பகுதியைக் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். திருப்பூரிலும் கரூரிலும் இதே நிலைமையில் மாட்டியவர்களை வருடத்துக்கு நாலைந்து பேரையாவது பார்க்கிறேன் என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடலில் இருக்கும் சரக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் கொஞ்சம் நாள் இருக்கிறது, இதற்கு இல்லை. வாங்குபவர் நொடித்துப்போனார் என்று தெரிந்தால், சரக்கு இன்னும் கப்பல்காரர் கையில் இருக்கும்வரை, பணம் பெறாத விற்பனையாளர் அதை வழியிலேயே நிறுத்தலாம். நம்முடைய 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 50-ம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. அமெரிக்காவின் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத்திலும் இதே உரிமை இருக்கிறது. எஃப்ஓபி என்பதால் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதுமே சரக்கு அவர்களுடையதாகிவிட்டது, இனி நாம் தொட முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. உரிமை கைமாறியிருந்தாலும் நிறுத்தும் அதிகாரம் போவதில்லை.

இதில் உங்களுக்குப் பெரிய பலம் அசல் பில் ஆஃப் லேடிங் உங்கள் வங்கியில் இருப்பது. அது இல்லாமல் கப்பல் கம்பெனி சரக்கை விடக்கூடாது. இன்றே வங்கிக்கு எழுதி, டாக்குமெண்டை அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கப்பல் கம்பெனிக்கும், சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டருக்கும், கண்டெய்னர் எண்ணைக் குறித்து, சரக்கை ஒப்படைக்க வேண்டாம் என்று நோட்டீஸ் அனுப்புங்கள். திவால் வழக்கு நடக்கும்போது இதை எந்த வார்த்தைகளில் எழுதுவது என்பதில் கவனம் வேண்டும், அதனால் அந்த நோட்டீஸை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பட்டும். இந்த ஒரு வேலைக்குச் செலவழிக்கும் கட்டணம் வீணாகாது.

உங்களைப் போன்ற பலரிடம் அசல் பில் ஆஃப் லேடிங்கே இருப்பதில்லை. பையர் நியமித்த ஃபார்வர்டர் ஒரு எஃப்சிஆர் கொடுத்திருப்பார். அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். சரக்கின் மீது பிடி தரும் பத்திரம் அது கிடையாது. அடுத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன் எந்தக் காகிதம் உங்கள் கைக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

நிறுத்திய சரக்கை என்ன செய்வது? அதில் அவர்களுடைய லேபிள் தைத்திருக்கும், விலைச்சீட்டுகூடத் தொங்கும். அனுமதி இல்லாமல் வேறு ஒருவருக்கு விற்றால் டிரேட்மார்க் வழக்கு வரும். லேபிளைப் பிரித்து விற்றால் கைக்கூலிகூடத் தேறாது. ஆனால் அந்தச் சரக்கு அவர்களுக்கு வேண்டும். கடை திறந்திருக்கிறது, வசந்தகாலத் துணி தட்டில் ஏற வேண்டும். அதனால் பணம் கொடுத்து டாக்குமெண்டை வாங்கிக்கொள் என்று சொல்லும் இடத்தில் இன்று நீங்கள் நிற்கிறீர்கள். இந்தப் பிடி கப்பல் கரை சேர்ந்து சரக்கு கிடங்கில் இறங்கும்வரைதான்.

அடுத்தது இரண்டாவது கண்டெய்னர். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி, அது ஜனவரி 8-ல் கிடங்குக்குப் போனது என்ற வரிதான். அமெரிக்க திவால் சட்டத்தில் 503(பி)(9) என்று ஒரு பிரிவு உண்டு. மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் கடன்பட்டவர் பெற்றுக்கொண்ட சரக்கின் மதிப்புக்கு, நிர்வாகச் செலவு என்ற உயர்ந்த இடத்தை அது கொடுக்கிறது. சாப்டர் 11-ல் திட்டம் நிறைவேற வேண்டுமானால் அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும், அவர்களே குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் ஒழிய.

இங்கே ஒரு கேள்வி எழும். ‘பெற்றுக்கொண்டது’ எந்த நாளில்? தூத்துக்குடியில் கப்பல் ஏறிய டிசம்பர் 2-ஐக் கணக்கில் எடுத்தால் மனுவுக்கு 49 நாள் முன்னால் போய்விடுகிறது. கிடங்கில் இறங்கிய ஜனவரி 8 என்றால் 12 நாள்தான். கடல் வழியே மாதக்கணக்கில் சரக்கு அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்கு முழு வாழ்வும் சாவும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இதே கேள்விக்காகச் சீனாவின் இரண்டு ஏற்றுமதி நிறுவனங்கள் அமெரிக்காவில் போராடின. வேர்ல்டு இம்போர்ட்ஸ் என்ற மரச்சாமான் இறக்குமதி நிறுவனம் 2013 ஜூலை 3-ல் திவால் மனுப் போட்டது. ஒரு நிறுவனத்தின் சரக்கு ஷாங்காயில் மே 26-ல் எஃப்ஓபி-யில் கப்பல் ஏறி, ஜூன் 21-ல் அமெரிக்காவில் கைக்குக் கிடைத்தது. கப்பல் ஏறிய நாளே பெற்றுக்கொண்ட நாள், ஆகவே முன்னுரிமை கிடையாது என்று திவால் நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிமன்றமும் அதையே சொன்னது. அவர்கள் விடவில்லை. 2017 ஜூலையில் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் மாற்றியது. வாங்குபவரோ அவருடைய ஏஜெண்டோ சரக்கைக் கையில் வாங்கும்போதுதான் ‘பெற்றுக்கொண்டது’ ஆகும், பொதுவான கப்பல்காரர் அதற்கான ஏஜெண்ட் ஆகமாட்டார் என்று தீர்ப்பு. டெலவேர் அந்த மூன்றாவது வட்டாரத்துக்குள்தான் வருகிறது. ஆகவே உங்கள் 41,250 டாலர் அந்தத் தீர்ப்பின் நிழலில் நிற்கிறது.

அந்த ஊர் கோர்ட் அந்த ஊர்க்காரனைத்தானே பார்க்கும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு என் பதிலின் முதல் பாதி இந்த வழக்கு. கடனில் மூழ்கிய அமெரிக்கக் கம்பெனியின் பக்கம் இரண்டு நீதிமன்றங்கள் சாய்ந்த பிறகும், சீன வியாபாரிகள் சொல்வது சட்டப்படி சரி என்று மேல் நீதிமன்றம் எழுதியது. இரண்டாவது பாதி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் 1997 மே 30-ல் எல்லை கடந்த திவால்களுக்கு ஒரு மாதிரிச் சட்டம் இயற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்கிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கா 2005-ல் சாப்டர் 15 என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. அதன் 1513-ம் பிரிவு, வழக்கில் பங்கெடுப்பதில் உள்நாட்டவருக்குள்ள அதே உரிமை வெளிநாட்டுக் கடன் கொடுத்தவருக்கும் உண்டு என்கிறது. 1514-ம் பிரிவு, வெளிநாட்டு முகவரி உள்ளவர்களுக்குத் தனித்தனியே அறிவிப்பு அனுப்ப வேண்டும், கிளெய்ம் போட நியாயமான கூடுதல் நாளும் தர வேண்டும் என்கிறது. இந்த இரண்டு பிரிவும் சாப்டர் 11 உட்பட எல்லா வழக்குக்கும் பொருந்தும். இந்தியர் என்பதால் நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போக மாட்டீர்கள்.

ஆனால் வரிசையே எல்லோருக்கும் சமம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முன்னால் நிற்கும். அமெரிக்க சப்ளையருக்கும் உங்களுக்கும் ஒரே இடம், வங்கிக்கு வேறு இடம். இந்த ஒழுங்கு தையல்காரர் பக்கம் நின்று பார்த்தால் கசக்கும், எனக்கும் கசக்கிறது. இருந்தாலும் அந்த ஒழுங்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது, யாருக்கும் ஆள் பார்த்து மாற்றப்படுவதில்லை, தவறினால் கேட்க ஒரு மேல் நீதிமன்றம் இருக்கிறது. சட்டத்தின் ஆட்சி என்று நாங்கள் பேசுவதன் பொருள் அதுதான். அறுபது மெஷின்காரர் கண்டம் கடந்து கடனுக்குச் சரக்கு அனுப்பும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

அந்த நீதிமன்றம் உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் கெடுவுக்குள். சில வருடங்களுக்கு முன் கரூரிலிருந்து படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து தடிமனான ஒரு கவரை எடுத்து மேசை மேல் வைத்தார். அமெரிக்கத் தபால்தலை, கவர் ஓரம் பிரிக்கவே இல்லை. உள்ளே இருபது பக்க ஆங்கிலம், நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் கிளெய்ம் போடக் கடைசி நாள். நாங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த நாள் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சாம்பிள் கவர்களோடு சேர்ந்து வந்திருக்கிறது, ஏதோ விளம்பரம் என்று நினைத்து அலமாரியில் போட்டிருக்கிறார். அறிவிப்பு சரியாகத்தான் அனுப்பப்பட்டிருந்தது. கெடு தாண்டியதை மன்னிக்கக் கேட்டு மனுப் போட்டோம், பலிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கவரை மறுபடியும் பைக்குள் வைத்ததை நான் மறக்கவில்லை.

அதனால் உங்கள் வழக்கில் கிளெய்ம்களை வாங்கிப் பதிய நியமிக்கப்பட்டிருக்கும் கிளெய்ம்ஸ் ஏஜெண்டின் இணையதளத்தை இன்றே திறந்து பாருங்கள். படிவம் 410 என்பது ப்ரூஃப் ஆஃப் கிளெய்ம், அதாவது பாக்கியைக் கோரும் படிவம். அதைப் போடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, பெரும்பாலான வழக்குகளில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் போடலாம். பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், கிடங்கில் இறங்கியதற்கான ரசீது எல்லாம் இணையுங்கள். டாலரில், மனுப் போட்ட நாளில் இருந்த பாக்கியை மட்டும் எழுதுங்கள், அதற்குப் பிறகான வட்டியைச் சேர்க்காதீர்கள். தொகையைக் கூட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். பொய்க் கிளெய்முக்கு 5 லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கும். 503(பி)(9)-க்குச் சில வழக்கில் அதே படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும், சில வழக்கில் தனிப் படிவம், தனிக் கெடுவும் இருக்கும். நீதிமன்ற உத்தரவைப் படிக்காமல் ஊகிக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம். ஒரே குழுமத்தில் பத்துக் கம்பெனி மனுப் போட்டிருக்கும். கடைப் பெயர் ஒன்று, கடையை நடத்தும் கம்பெனி ஒன்று, சரக்கு வாங்கும் கம்பெனி வேறொன்று. உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் பொடி எழுத்தில் எந்தக் கம்பெனியின் முழுப்பெயர் இருக்கிறதோ அதன் மீது கிளெய்ம் போடுங்கள். கடைப்பெயரை எழுதி அனுப்பினால் ஆட்சேபம் வந்து அலைய வேண்டியிருக்கும்.

முதல் கண்டெய்னருக்கு டிசம்பர் 10 என்பதால் 20 நாள் சலுகை கிடையாது. மனுவுக்கு முந்தைய 45 நாளுக்குள் போய்ச் சேர்ந்த சரக்கைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டும் இருக்கிறது. எழுத்தில் கேட்க வேண்டும், உங்கள் தேதிகளுக்குக் கணக்குப் போட்டால் பிப்ரவரி 9 வரை நேரம் இருக்கிறது. வங்கிகளின் அடமானம் அந்தச் சரக்கின் மீதும் இருக்கும் என்பதால் பெரும்பாலும் கையில் ஒன்றும் வராது. ஒரு மின்னஞ்சல்தானே, அனுப்பிவிடுங்கள். மற்றபடி 38,400 டாலரும் அடமானமில்லாத கடன்களோடு சேரும், டாலருக்கு எத்தனை சென்ட் தேறும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

இனி பெங்களூர் ஆபீஸ். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெயர்ப்பலகையில் அதே பெயர் இருக்கிறது, உள்ளே கம்ப்யூட்டரும் நாற்காலியும் இருக்கிறது. ஆனால் அது இந்தியாவில் பதிவான தனிக் கம்பெனியாக இருந்தால், உங்களுக்கு அது கடன்படவில்லை. அதன் மீது நம் திவால் சட்டத்தில் ஆப்பரேஷனல் கிரெடிட்டராக (சரக்கோ சேவையோ கொடுத்துப் பாக்கி நிற்பவராக) போவதற்கும் வழியில்லை, 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தபட்சம் 1 கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்பது ஒருபுறம், பாக்கியே அதன் பெயரில் இல்லை என்பது மறுபுறம். அமெரிக்கக் கம்பெனியின் மீதே திருப்பூரில் வழக்குப் போட்டால்? மனுப் போட்ட நொடியில் அமெரிக்கச் சட்டத்தின் 362-ம் பிரிவுப்படி எல்லா வசூலுக்கும் தடை வந்துவிடுகிறது, உலகில் எங்கே சொத்து இருந்தாலும். இந்திய நீதிமன்றத்தை அந்தத் தடை தானாகக் கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் அங்கே கிளெய்ம் போட்ட நாளிலிருந்து நீங்கள் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். இங்கே தனியாக ஓடினால் அங்கே நீதிமன்ற அவமதிப்பு வரும், இரண்டாவது கண்டெய்னரின் முன்னுரிமையைக் கேட்டு வாதாடும் முகமும் போய்விடும். ஆறு வருடத்தில் இங்கே கிடைக்கும் ஒரு டிக்ரியை அமெரிக்காவில் நிறைவேற்றுவது தனிக் கதை.

இந்த இடத்தில் நம் நாட்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். முன்னே சொன்ன அன்சிட்ரால் மாதிரிச் சட்டத்தை ஏற்கலாம் என்று மத்திய அரசு அமைத்த குழு 2018 அக்டோபரில் பரிந்துரைத்தது. 2016-ம் வருட திவால் சட்டத்தில் 234, 235 என்று இரண்டு பிரிவுகளை மட்டும் எழுதி வைத்தார்கள். மற்ற நாட்டோடு ஒப்பந்தம் போட்டால்தான் அவை உயிர்பெறும். அதன் விளைவை ஜெட் ஏர்வேஸில் பார்த்தோம். 2019 ஏப்ரலில் அதன் போயிங் 777 ஒன்று ஆம்ஸ்டர்டாமில் பிடித்து நிறுத்தப்பட்டது. மே 21-ல் நெதர்லாந்து நீதிமன்றம் திவால் அறிவித்தது. ஜூன் 20-ல் மும்பை தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் தன் வழக்கைத் தொடங்கியபோது, டச்சு உத்தரவு செல்லாது என்று சொல்லி அந்த நாட்டு டிரஸ்டிக்குக் கதவை மூடியது. ஒரே விமானக் கம்பெனிக்கு இரண்டு நாட்டில் இரண்டு பொறுப்பாளர்கள், ஒருவரை ஒருவர் ஏற்காமல். செப்டம்பர் 26-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான் இருவரும் சேர்ந்து வேலை செய்ய ஒரு ஒப்பந்தத்தை ஏற்றுக் கதவைத் திறந்தது. இழுத்துப் பிடித்து கடைசியில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொன்னது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைத்த திருத்த மசோதா, எல்லை கடந்த திவாலுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் தர முன்மொழிந்தது. அரசாங்க விதியாக வருவதைவிட நாடாளுமன்றம் இயற்றிய பிரிவாகவே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதியை ஓர் அறிவிக்கை மாற்றிவிடும், அதை நம்பி எந்த வெளிநாட்டுக்காரர் நமக்குக் கடன் கொடுப்பார்? இங்கே நாம் அவர்களுக்கு இடம் கொடுத்தால்தான் அங்கே நமக்கு இடம் கேட்க வாய் வரும்.

இதெல்லாம் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் வங்கி விழுந்தது. அதன் கூட்டாளிகளின் லண்டன் நிறுவனமான மெக்ஃபேடியனும் அதே நேரம் விழுந்தது. கிழக்கே சென்னையில் ஒரு திவால், மேற்கே லண்டனில் ஒரு திவால், கூட்டாளிகள் ஒன்றே. பந்திக்கு முந்துவதுபோல எந்த ஊரில் சொத்து இருக்கிறதோ அந்த ஊர்க்காரர் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் சென்னையில் திவால் சொத்துக்குப் பொறுப்பாளரான அஃபிஷியல் அசைனியும் லண்டன் டிரஸ்டியும் உட்கார்ந்து, இரண்டு ஊர்ச் சொத்தையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பங்கிடலாம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அது கேள்விக்கு வந்தபோது 1908-ல் லண்டன் நீதிமன்றம் செல்லும் என்றது. இன்று உலகம் முழுக்க எல்லை கடந்த திவால் ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முன்னோடியாகக் காட்டுவது இந்தச் சென்னை வழக்கைத்தான்.

சரி, உங்கள் மேசைக்குத் திரும்புவோம். 12 சென்ட் கேட்கும் ஆளைப் பற்றி: கிளெய்மை விற்பது சட்டப்படி சரியான வியாபாரம்தான், அதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. ஆனால் 1,16,550-க்கு 12 சென்ட் என்றால் 13,986 டாலர். இரண்டாவது கண்டெய்னர் ஒன்றுக்கே முழு 41,250 வர வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது கண்டெய்னரை நிறுத்திவிட்டால் அது கிளெய்மே இல்லை, உங்கள் சரக்கு. அதனால் மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். விற்றே ஆக வேண்டிய பணமுடை என்றால் முதல் கண்டெய்னரை மட்டும் தனியாகப் பேசுங்கள், ஒப்பந்தத்தில் கிளெய்ம் மறுக்கப்பட்டால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும்.

ஏப்ரல் ஆர்டரில்தான் உங்கள் பேரம் இருக்கிறது. பெரிய சில்லறை வழக்குகளில் முதல் நாளிலேயே வெளிநாட்டு சப்ளையர்களுக்குப் பழைய பாக்கியைக் கொடுக்க நீதிமன்றத்தின் அனுமதியை வாங்கிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரரை அந்தத் தடையுத்தரவால் கட்டிப்போடுவது கடினம், அவர் சரக்கை நிறுத்தினால் கடை காலி என்பதுதான் காரணம். அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று வழக்கின் பதிவேட்டில் பாருங்கள். இருந்தால் உங்கள் மெர்ச்சண்டைசரிடம் பேசுவதை விட்டுவிட்டு, அவர்களுடைய சீரமைப்புக் குழுவுக்கு நேராக எழுதுங்கள்: பழைய பாக்கியில் இவ்வளவு இப்போது, மூன்றாவது கண்டெய்னருக்கு ரொக்கம், ஏப்ரல் ஆர்டருக்கு முன்பணம் அல்லது உறுதியான எல்சி (வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்). பேசி முடிவதை எழுத்தில் வாங்காமல் நூல் வாங்காதீர்கள்.

சாப்டர் 11-க்குப் பிறகு அனுப்பும் சரக்குக்குப் பணம் நிச்சயம் என்று அவர்கள் சொல்வார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் டாய்ஸ் ஆர் அஸ் 2017 செப்டம்பரில் மனுப் போட்டு, 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடைகள் எல்லாவற்றையும் மூட முடிவெடுத்தபோது, நடுவில் நம்பி அனுப்பியவர்களுக்கு முழுப் பணம் வரவில்லை. சட்டம் இடம் கொடுக்கும், பெட்டியில் இல்லாத பணத்தை அதுவும் கொடுக்காது. அதனால்தான் முன்பணம் என்கிறேன்.

அக்டோபர் 28-ல் வந்த 22,000 டாலரைப் பற்றிக் கேட்காமலே எழுதியிருந்தீர்கள். மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள், அதாவது அக்டோபர் 22-க்குப் பிறகு வந்த பணத்தைத் திரும்பக் கேட்டு ஒருநாள் நோட்டீஸ் வரலாம். வழக்கமான தவணையில் வந்ததா, அந்தப் பணம் வந்த பிறகு நீங்கள் புதிய சரக்கு கொடுத்து அதற்குப் பணம் வராமல் நிற்கிறதா என்ற இரண்டும் உங்களுக்கான எதிர்வாதங்கள். நீங்கள் அதற்குப் பிறகு 22,000-ஐவிட அதிக மதிப்புக்கு அனுப்பிப் பாக்கி நிற்பதால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறு வருடப் பணவரவுக் கணக்கைத் தேதி வாரியாக எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

வங்கிக்கு உடனே எழுத்தில் தெரியப்படுத்துங்கள். ஏற்றுமதிப் பணம் கெடுவுக்குள் வரவில்லை என்றால் ஏற்றுமதிப் பணவரவைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் உங்கள் ஷிப்பிங் பில் தொங்கும், அடுத்த ஏற்றுமதியே தடைப்படலாம். கெடு நீட்டிப்பு கேளுங்கள். பின்னால் தள்ளுபடி கேட்க நேர்ந்தால், பையர் திவால் என்பது ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று, அதற்கு அங்கிருந்து பெற்ற ஆதாரம் வேண்டும். ஏற்றுமதிக் கடனுக்கான இசிஜிசி காப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே அவர்களுடைய கிளைக்குத் தகவல் கொடுங்கள், தாமதமே மறுப்புக்குக் காரணமாகும். பையரின் திவால் வகையில் இழப்பீடு தருமுன், உங்கள் கடன் அந்த வழக்கில் ஏற்கப்பட்டதற்கான ஆதாரத்தை அவர்களும் பார்ப்பார்கள். ஆக, இங்கே பணம் வாங்கவும் அங்கே அந்தப் படிவத்தைப் போட்டாக வேண்டும். டிராபேக் (ஏற்றுமதிக்காகத் திரும்பப் பெற்ற வரி) திருப்பிக் கட்ட வருமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

சம்பளத்தைப் பற்றி: பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) கணக்கை முடக்காமல் தற்காலிகமாகக் கொஞ்சம் இழுத்துத் தரச் சொல்லி மேலாளரைப் பாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கிளெய்ம் போட்ட ஒப்புகைச் சீட்டும், கப்பல் கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீஸும் கையில் இருந்தால் அவருக்கும் மேலே எழுத ஒரு காகிதம் கிடைக்கும்.

எனக்கு ஒரு காகிதம் உடனே வேண்டும். இரண்டாவது கண்டெய்னர் ஜனவரி 8-ல் கிடங்கில் இறங்கியதற்கு, கிடங்குக்காரர் நேரத்தோடு கையெழுத்திட்ட டெலிவரி ரசீது. ஃபார்வர்டரின் டிராக்கிங் பக்கத்துப் படம் போதாது. நியூ ஜெர்சியில் சரக்கை இறக்கிய லாரி கம்பெனியிடம் இருக்கும், அவர்களைக் கேளுங்கள். கிடைத்ததும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், 503(பி)(9) படிவத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.